ஓடாத நாடி

அத்தியாயம் ஏழு

"தேர முன்னால இழுக்கிறவங்களத் தெரியும் சேர். பின்னால இழுக்கிறவங்கள இப்பதான் கேள்விப்படுறன்," என்றாள் மஸீனா, ஸ்கூட்டியை ஓரங்கட்டிக்கொண்டே. "முன்னுக்கு ஒரு கூட்டம் வா வா எண்டுது. பின்னுக்கு ஒரு கூட்டம் போகாத போகாத எண்டுது. சாமி பாவம்."

பின்னால் உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். பதில் இல்லை. துப்பறிவாளரிடம் உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து மஸீனா அவருடைய மௌனங்களை வகை பிரித்து வைத்திருந்தாள். பசி மௌனம், கோபத்து மௌனம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற மௌனம். இது மூன்றாவது. ஆகவே அவள் தொடர்ந்து பேசினாள்.

ஹந்தானை மலையடிவாரத்திலிருந்து கண்டி நகரை நோக்கி இறங்கும் செங்குத்தான தெரு அது. மழை விட்டும் விடாத பிற்பகல். அம்மன் தேர் இந்தத் தெருவில் இறங்கும்போது தன் பாரத்தாலேயே ஓடிவிடக்கூடும். அதனால் பின்புறத்திலும் ஒரு வடம் கட்டி, உறுதியான ஆட்கள் அதைப் பிடித்து இழுத்தபடியே இறங்குவார்கள். வடத்தின் நுனியில் நிற்பவருடையது கடைசிப் பிடி. அவர் கை விட்டால் முன்னால் நிற்பவர்களின் கால்களும் வழுக்கிவிடும். அதனாலேயே அது இந்தத் தெருவில் பெரிய கௌரவம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு வீட்டு வாசலில் அர்ச்சனைக்காகத் தேர் நின்றது. நின்ற இடத்தில் பின்வடம் தளர்ந்தது. தேர் உருண்டது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் வீரையா அதே சக்கரத்தின் கீழ் அகப்பட்டு இறந்துபோனார். யாரோ கைப்பேசியில் எடுத்த காட்சியில் எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசிப் பிடியில் நின்ற அழகமுத்துவின் கைகள்தான் முதலில் விரிந்தன.

"நாளைக்குக் காலையில அழகமுத்துவப் பொலிசுக்கு வரச் சொல்லீக்காங்க," என்றாள் மஸீனா. "போனா திரும்பி வரமாட்டார். மகள் சஞ்சீவனி ரெண்டு தரம் கோல் பண்ணிட்டா. ரெண்டு வீடும் ஒரு வருசமாப் பேச்சில்லையாம். கடைசிப் பிடி வீரையாட குடும்பத்துப் பிடி. போன வருசம் கோயில் கமிட்டி அத அழகமுத்துக்குக் குடுத்தீக்கி. அதுதான் பகையாம்."

"ம்."

"எனக்கு ஒண்டு மட்டும் விளங்கல்ல. பிடியப் பறிகொடுத்தது வீரையா. கோவம் வரவேண்டியது வீரையாக்கு. செத்ததும் வீரையா. ஆனா கொலகாரன் அழகமுத்தாம். பொருளையும் அடிச்சிட்டு, பொருளுக்காரனையும் அடிக்கிற கள்ளன எங்கயாவது கண்டீக்கீங்களா?"

சுந்தரலிங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்டைக்கு நாடி பாத்த நேர்ஸின்ர வீடு எது?" என்றார்.

* * *

சந்திரிகா நைட் டியூட்டிக்குக் கிளம்புவதற்காக வெள்ளைச் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்தவர்களைக் கண்டதும் அவள் முகம் வாடியது.

"நான் வேணும்னு ஒண்ணும் சொல்லலைங்க. பொலிசுல கேட்டாங்க, சொன்னேன். தேர் ஓடினதும் பின்வடம் புடிச்சவங்க எல்லாம் அங்கங்க உட்கார்ந்துட்டாங்க. நான் ஒவ்வொருத்தரா கையப் புடிச்சுப் பார்த்தேன். எல்லாருக்கும் நெஞ்சு வெடிச்சிடும் போல நாடி ஓடுது. இந்த அழகமுத்துவுக்கு மட்டும் தூங்கி எந்திரிச்ச ஆள் மாதிரி மெதுவா."

"ஊர் என்ன சொல்லுது?"

"கல் நெஞ்சுக்காரன்னு சொல்லுது. கண்ணு முன்னால ஒரு உசுரு போகுது, இவருக்கு ஒரு துடிப்புகூடக் கூடலையேன்னு. வடத்த இறுக்கியே புடிக்கல, வேணும்னேதான் விட்டாருன்னு."

சுந்தரலிங்கம் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். "அவரின்ர கை எப்பிடி இருந்தது?"

"கையா?"

"நாடி பிடிச்ச கை. சூடோ, குளிரோ?"

சந்திரிகா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஐஸ் மாதிரி இருந்துச்சு. முகம் வெளுத்துப் போயி... நெத்தியெல்லாம் வேர்வை கொட்டுது."

"அதைப் பொலிசில சொன்னீங்களோ?"

"அவங்க நாடிய மட்டுந்தான் கேட்டாங்க."

"பயந்தவுடன மயங்கிற ஆக்களுக்கும் நாடி விழும், ஆனால் கொஞ்ச நேரத்தில திரும்பி ஏறிடும். பிறகு ஒருக்கா பாத்தனீங்களோ?"

"பார்த்தேன். சாயந்தரம் எல்லாரையும் கோயில் மண்டபத்துல வச்சு விசாரிச்சாங்க. தல சுத்துதுன்னாரு. அப்பவும் அதே மாதிரி மெதுவாத்தான் ஓடுச்சு."

சுந்தரலிங்கம் எழுந்து கும்பிட்டார். வாசலைத் தாண்டியதும் மஸீனா அவருடைய சட்டைக் கையைத் தொட்டாள்.

"சேர், உங்கட முகத்தில லைட் எரியுது. எனக்கும் கொஞ்சம் கரண்ட் குடுங்க."

"இந்த மேட்டு வீடுகளுக்குத் தண்ணி ஏற வேணுமெண்டால் என்ன செய்வினம்?"

"பள்ளத்து வீடுகளட வால்வ மூடுவாங்க. பம்ப வேகமா ஓட்டுவாங்க. எங்கட வீடு மடவளையில பள்ளத்தில. எத்தின நாள் சவுக்காரத்தோட நிண்டீக்கிறன்."

"உடம்பிலயும் அதுதான். கை ஒரு பாரத்தை இறுக்கிப் பிடிச்சுதெண்டால் அந்தத் தசையில இருந்து நரம்பு மூளைக்கு முறைப்பாடு கொண்டுபோகும். மூளை வயித்துக்கும் தோலுக்கும் போற இரத்தக் குழாயளைச் சுருக்கும். இதயத்தை அடிச்சு ஓடச் சொல்லும். அழுத்தம் ஏறும். ஏறினால்தான் இறுகின தசைக்குள்ள இரத்தம் புகும். வேர்க்கப் பண்ணிறதும் அந்த வழியால வாற நரம்புதான்."

மஸீனா நடப்பதை நிறுத்தினாள். "கை குளிர்ந்தீக்கி. அப்ப வால்வு மூடீக்கி. வேர்த்தீக்கி. அப்ப மூளையிட ஓடரும் வந்தீக்கி. அந்த மனுசன் வடத்தப் பிடிச்சுத்தான் ஈக்குறார்!"

"தன்ர முழுப் பலத்தோடயும்."

"ஆனா பம்ப் ஓடல்ல. பம்ப் ஓப்பரேட்டர் தூங்கிட்டாரா சேர்?"

"இல்லை," என்றார் சுந்தரலிங்கம். "ஆரோ தூங்க வைச்சிருக்கினம்."

* * *

அழகமுத்து கண்டிக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் பஸ் ஓட்டுபவர். அகன்ற தோள்கள். கேட்பதற்கு மட்டும் பதில். சஞ்சீவனி வைத்த தேநீர் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மேல் படிவரைக்கும் போயிட்டு வாறீங்களோ?" என்றார் சுந்தரலிங்கம்.

"எதுக்குங்க ஐயா?"

"ஒரு காரணத்துக்காக."

அழகமுத்து தூக்கினார். வீட்டுப் பக்கவாட்டில் ஏறும் படிகளில் ஏறி, இறங்கி வந்தார். தோழமைக்காக மஸீனாவும் கூடவே வெறுங்கையோடு ஏறினாள். அவள்தான் அதிகம் மூச்சு வாங்கினாள்.

"நான் உதவியாளர் வேலைக்குத்தான் வந்தன் சேர். சோதனை எலி வேலைக்கு வேற சம்பளம்."

சுந்தரலிங்கம் அழகமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். பிறகு சஞ்சீவனியின் விரல்களை எடுத்து அவள் தகப்பனின் நாடியில் வைத்தார்.

"ஓடுதே," என்றாள் அவள். "நல்லா ஓடுதே!"

"இண்டைக்கு ஓடுது. அண்டைக்குத்தான் ஓடேல்லை. உங்கட அப்பாவின்ர நெஞ்சு கல்லில்லை பிள்ளை. அண்டைக்கு மட்டும் அதுக்கு ஆரோ கடிவாளம் போட்டிருக்கினம். இதயத்தை ஆறுதலா ஓட வைக்கிற குளிசை இருக்கு. பிரஷர் கிளினிக்கில குடுக்கிறவை. அதைப் போட்டால் மூளை எவ்வளவு கத்தினாலும் இதயம் பாதியைத்தான் கேட்கும். தேர் இறங்கி வரேக்குள்ள கை இறுகும், தளரும், இறுகும். தளருற நேரத்தில இரத்தம் புகுந்துபோகும். சமாளிச்சிட்டீங்கள். தேர் நிண்ட உடன பாரத்தை விடாமல் பிடிக்க வேண்டி வந்தது, பிடி தளரவே இல்லை. இறுகின தசை தன்ர குழாயைத் தானே நெரிச்சது. தள்ளி உள்ளுக்கு விட அழுத்தம் காணேல்லை. அதுவும் விரத வயித்தோட."

"எங்கப்பா ஒரு பனடோல்கூடப் போடமாட்டாருங்க," என்றாள் சஞ்சீவனி.

அழகமுத்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். அவை தன்னுடையவை அல்ல என்பது போலப் பார்த்தார்.

"கை விரிஞ்சத நானே பார்த்துக்கிட்டு நின்னேங்க ஐயா," என்றார் மெதுவாக. "மூடு மூடுங்கிறேன். வேற யாரோ கை மாதிரி அதுபாட்டுக்கு விரியுது."

"குளிசையை ஆர் தந்தது?"

"யாரும் தரல."

"அப்பா, சொல்லுங்கப்பா! நாளைக்குப் புடிச்சு உள்ள வச்சாங்கன்னா..."

"விடும்மா. வச்சா வைக்கட்டும்."

சுந்தரலிங்கம் மீண்டும் மௌனமானார். கூரைத் தகரத்திலிருந்து மழைநீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இந்த மௌனம் மஸீனாவின் பட்டியலில் இல்லாதது. அவளுக்கு அது பிடிக்கவும் இல்லை. ஒரு மனிதன் தானாக உடையும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்னவோ போல இருந்தது.

"தந்தவர் உயிரோட இருக்கிறாரோ?" என்று கேட்டார் அவர்.

அழகமுத்துவின் கண்கள் ஜன்னலுக்குப் போயின. மழைத்தண்ணீர் ஓடும் வடிகால் கானுக்கு அப்பால், பக்கத்து வீட்டு வாசலில், சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் மழையில் நனைந்து மூங்கிலோடு ஒட்டிக் கிடந்தன. வீரையாவின் வீடு.

மஸீனா எழுந்து ஜன்னலருகே போய் அந்த வாசலைப் பார்த்தாள்.

"தேருக்கு முந்தின நாள் வந்தாரு," என்றார் அழகமுத்து. "ஒரு வருசத்துக்குப் பொறகு அந்தக் கானைத் தாண்டி வந்தாரு. எனக்கு ரெண்டு நாளா நெஞ்சு படபடன்னு இருந்துச்சு. வெளிய சொன்னா பஸ் முதலாளி ஸ்டியரிங்க வேற ஆளு கையில குடுத்துருவாரு. அது எப்படியோ அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இதப் போட்டா அடங்கிரும், தேருக்கு முன்னால ரெண்டாப் போட்டுக்கன்னாரு. தீர்த்தத்தோட முழுங்குனேன்." ஆறிய தேநீரைத் தள்ளி வைத்தார். "பகையெல்லாம் மறந்து தேடி வந்து குடுத்தாருங்க. அவரு குடுத்த மாத்திரதான் அவரையே கொன்னுச்சுன்னு அவரு சம்சாரம் பரிமளத்துக்கிட்ட நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பொம்பளைக்கு இருக்கிறதே அவரப் பத்தின நெனப்புதான். அதையும் நான் பறிக்கவா?"

* * *

வெளியே வந்ததும் சுந்தரலிங்கம் அந்தக் காட்சியை மீண்டும் ஒருமுறை ஓட விடச் சொன்னார். மஸீனா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

"கையைப் பாக்க வேண்டாம். எல்லாரும் கையைத்தான் பாத்தவை. சக்கரத்தைப் பாரும்."

தேர் நிற்கிறது. அர்ச்சனைத் தட்டோடு ஒரு பெண் வருகிறாள். சக்கரத்தருகில் வீரையா.

"கட்ட கையிலதான் ஈக்கி," என்றாள் மஸீனா. "தேர் நிண்டா உடனே கட்ட போடணும் எண்டு சொன்னாங்களே. ஏன் போடாம நிக்கிறார்?" காட்சியை நிறுத்தினாள். விரல்களால் பெரிதாக்கினாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "சேர். இவர் சக்கரத்தப் பாக்கல்ல. பின்னால பாக்குறார். அழகமுத்துட கையப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"ஓம்."

"பேசாம போயிருவமா? அழகமுத்துவ விடுவிக்க மாத்திரக் கத மட்டும் போதாதா?"

"தந்தவர் செத்துப்போனார். வாங்கினவர் சொல்ல மாட்டன் எண்டிறார். குளிசை அந்த வீட்டில இருந்துதான் வந்ததெண்டு சொல்ல உயிரோட இருக்கிறது ஒரேயொரு ஆள்தான்."

பரிமளம் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்றே கேட்டாள். "கொலகாரனுக்குப் பரிஞ்சு பேச வந்தீங்களா?"

"இல்லை அம்மா. உங்கட அவர் என்ன குளிசை போட்டவர் எண்டு கேட்க வந்தனான்."

அவள் முகம் அசையவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. சுந்தரலிங்கம் தள்ளி நின்று, ஈரச் செருப்பைப் பார்த்தபடி காத்திருந்தார். கீழே தெருவில் ஒரு முச்சக்கரவண்டி உறுமிக்கொண்டு ஏறிப் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகும் அவர் காத்திருந்தார்.

"பிரஷருக்கு," என்றாள் அவள் கடைசியில். "கிளினிக்ல குடுத்தது. அதப் போட ஆரம்பிச்ச வருசம் தேர்ல அவருக்குக் கை துவண்டு போச்சு. நல்லவேளை, தேர் கீழ எறங்கிருச்சு. யாருக்கும் தெரியல. மாத்திர போட்டா பாரம் புடிக்க முடியலன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. ஒரு வருசத்துக்குப் பிடிய அழகமுத்து அண்ணனுக்குக் குடுங்க, எனக்கு முதுகு வலின்னு கமிட்டியில சொல்லிட்டு கட்ட போடப் போனாரு. பொறகு பையனுக்காகத் திருப்பிக் கேட்டாரு. கமிட்டி முடியாதுன்னுட்டாங்க."

"அப்ப அவருக்குத் தெரியும்," என்றாள் மஸீனா, கேள்வியாக இல்லாமல்.

பரிமளம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு மாத்திரய எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தாரு. எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. சண்ட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பொறகுதான் கேட்டேன், ஒங்களுக்கே கைய விட வச்ச மாத்திரய அவருக்கு ஏங்க குடுத்தீங்கன்னு." அவள் நிறுத்தினாள். "சிரிச்சாரு. ஊரு பார்க்க ஒரு தடவ கை விடட்டும், தேர நான் கட்ட போட்டு நிப்பாட்டுறேன், அப்ப தெரியும் பிடி யாருக்குன்னாரு. அவ்வளவுதாங்க. யாரையும் கொல்ல நெனைக்கல. தேர் அவ்வளவு வேகமா வரும்னு நெனைக்கல."

"இதெல்லாம் தெரிஞ்சுமா அவரக் கொலகாரன் எண்டு..." மஸீனா முடிக்கவில்லை. சுந்தரலிங்கம் கையை லேசாக உயர்த்தினார்.

"வேற என்ன சொல்ல? என் புருசன்தான் குழி தோண்டி அதுல விழுந்தாருன்னு சொல்லவா? பையன் இந்தத் தெருவுல நாளைக்கு நடக்க வேணாமா?" அவள் கண்களில் நீர் இல்லை. அது வற்றிவிட்டது போலிருந்தது. "அழகமுத்து அண்ணே என்ன சொல்றாரு? அவரு ஏன் பொலிசுல மாத்திரயப் பத்திச் சொல்லல?"

சுந்தரலிங்கம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. உண்மையைச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

"வீரையா நல்ல மனசோட தந்தவர் எண்டு நினைக்கிறார்," என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சால் தாங்க மாட்டீங்கள் எண்டு வாயைத் திறக்கிறார் இல்லை. அதுக்காக நாளைக்கு உள்ள போகவும் ஆயத்தமாக இருக்கிறார்."

உள்ளே யாரோ ஒரு பாத்திரத்தைக் கழுவினார்கள். பரிமளம் எழுந்தாள். செருப்புப் போடாமல் படியிறங்கி, கானின் மேல் கிடந்த பலகையைத் தாண்டி நடந்தாள்.

"சேர், நாமளும் போகவா?"

"தள்ளி நில்லும்."

அழகமுத்துவின் வாசல் திறந்தேயிருந்தது. அவளைக் கண்டதும் அவர் கதிரையிலிருந்து எழுந்தார். எழுந்தவருக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிரு. என்னால முடியல, விட்டுட்டேன்..."

"தெரிஞ்சுதான் குடுத்தாரு அண்ணே," என்றாள் பரிமளம்.

"என்னது?"

"கை விடும்னு தெரிஞ்சுதான் ஒங்களுக்குக் குடுத்தாரு. ஊரு சிரிக்கணும்னு குடுத்தாரு. எனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் ஒங்களத் தூத்துனேன். காலையில பொலிசுக்கு நானும் வாறேன்."

சஞ்சீவனி வாயைப் பொத்திக்கொண்டாள். அழகமுத்து மெல்ல உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் கோபம் வரும் என்று மஸீனா எதிர்பார்த்தாள். வரவில்லை. வீரையா தேடி வந்து நீட்டிய அந்தக் கையை அவர் இப்போது முதன்முறையாக இழந்துகொண்டிருந்தார். அதற்கு நேரம் பிடித்தது.

"வேணாம் தங்கச்சி," என்றார் பிறகு. "மாத்திர அவரு குடுத்தாருன்னு மட்டும் சொல்லு. அது போதும். மத்தத சொல்லாத. ஒனக்குப் புள்ள இருக்கு."

பரிமளம் சஞ்சீவனியைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் புள்ள இருக்கு அண்ணே," என்றாள். "எல்லாத்தையும் சொல்லுவேன்."